எரிபொருள் முள்ளைப் பற்றி என் தம்பிக்கு

எனக்குப் பின்னால் பிறந்து எனக்கு முன்னால் போன என் சேதுவுக்கு,

உன் சாவுக்கு நீயே காரணம் என்று விமானப்படையில் எழுதி வைத்திருக்கிறார்கள். 'விமானியின் கவனக்குறைவு.' இரண்டே சொல். போர் நடந்துகொண்டிருந்தபோது எல்லைக்கு அப்பால் போய்த் திரும்பியவன் நீ. ஓடுபாதை கண்ணுக்குத் தெரியும் தூரத்தில், கடுகு வயலில் விழுந்து செத்தாய். அப்படிப்பட்டவனைப் போரில் இறந்தவர்கள் வரிசையில் சேர்க்காமல், விபத்தில் இறந்தவர்கள் வரிசையில் தள்ளி, பக்கத்தில் அந்த இரண்டு சொல்லைப் போட்டு மூடிவிட்டார்கள். உன் படைத்தளத்தில் ஒரு கல்சுவர் இருக்கிறது. அந்தப் போரில் போன உன் சகாக்களின் பெயரெல்லாம் அதில் செதுக்கியிருக்கிறது. உன் பெயர் இல்லை.

இது அநியாயம். முதல் நாளே சொன்னேன், இன்றைக்கும் அதையேதான் சொல்கிறேன். ஆனால் இன்று சொல்வதில் ஒரு வித்தியாசம் வந்துவிட்டது. அதை முதலில் உன்னிடம்தான் சொல்ல வேண்டும். நாலு பேர் படிக்கட்டும் என்றுதான் இதைப் பத்திரிகைக்கும் கொடுக்கிறேன்.

அப்பா அந்த இரண்டு சொல்லையும் நம்பினார், சேது. எனக்குப் பொறுக்காதது அதுதான். தந்தி வந்த பிறகு ஒரு வருஷம் கழித்து அந்தக் காகிதம் வந்தது. படித்துவிட்டு மடித்து வைத்தார். "சின்ன வயசுலேர்ந்தே அவன் அவசரக்காரன்தானே" என்றார். அதற்குப் பிறகு பதினெட்டு வருஷம் இருந்தார். யாராவது உன்னைப் பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார். அவர் போகும்போது அந்த இரண்டு சொல்லை நம்பிக்கொண்டேதான் போனார். அம்மா நம்பினாளா, இல்லையா, கடைசிவரை சொல்லவில்லை.

நான் நம்பவில்லை. நம்பாமல் இருப்பதற்கு என்னிடம் என்ன ஆதாரம் இருந்தது? ஒன்றும் இல்லை. பதினோராம் வகுப்பும் டைப்ரைட்டிங்கும் சுருக்கெழுத்தும் படித்தவள் நான். முப்பத்தெட்டு வருஷம் மற்றவர்கள் சொன்ன கடிதங்களை அடித்தேன். அதன் நடுவில், கிங்ஸ் சர்க்கிள் நடைபாதையில் பழைய புத்தகம் விற்பவரிடம் போய், விமானம் பற்றி ஏதாவது இருக்கிறதா என்று கேட்க ஆரம்பித்தேன். "பையனுக்கா ஆன்ட்டி?" என்று இந்தியில் கேட்டார். எனக்கு என்றேன். ஒரு சமையல் புத்தகத்தை எடுத்து நீட்டினார். இரண்டு வருஷம் கழித்து அதே மனிதர், ஜெட் எஞ்சின் பற்றி எது வந்தாலும் எனக்காகத் தனியே எடுத்து வைத்தார். அகராதியை மடியில் வைத்துக்கொண்டு படித்தேன். இன்றைக்கு எரிபொருள் டாங்கியிலிருந்து எஞ்சின்வரை குழாய் எப்படிப் போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு வரைவேன்.

டெல்லியில் இருக்கும் விமானப்படைத் தலைமை ஆபீசுக்கு எழுதினேன். உன்னோடு பறந்தவர்களுக்கு எழுதினேன். ஒருவர் வெளிநாட்டில் இருந்தார், அவருக்கும் எழுதினேன். "நல்ல பையன், துணிச்சல்காரன்" என்று எல்லோரும் ஒரே மாதிரி பதில் போட்டார்கள். நல்ல பையன் எப்படி விழுந்தான் என்று கேட்டால் பதில் இல்லை. அந்தக் காலத்துக் காகிதங்கள் விதிப்படி அழிக்கப்பட்டுவிட்டன என்று ஆபீஸ் சொன்னது. தகவல் உரிமைச் சட்டம் வந்த பிறகு, ஏழாவது மனுவுக்கு ஒரே ஒரு தாள் வந்தது. அதில் இரண்டு வரி: 'விமானத்தின் பதிவுப் புத்தகத்தில் குறை எதுவும் எழுதப்படவில்லை. எரிபொருள் இருப்பை விமானி தவறாகக் கணித்தார்.'

படிக்கிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன், உனக்குத் தெரியும். ஒவ்வொரு போர் விமானத்துக்கும் ஒரு புத்தகம் உண்டு. ஏறுவதற்கு முன்னால், வண்டி சரியாக இருக்கிறது என்று விமானி அதில் கையெழுத்துப் போட வேண்டும். இறங்கிய பிறகு ஏதாவது கோளாறு இருந்தால் அவனே எழுத வேண்டும். தரையில் இருக்கும் ஃபிட்டர் அதைச் சரிசெய்து கையெழுத்துப் போட்ட பிறகுதான் விமானம் மறுபடி கிளம்பும். உன் விமானத்தின் புத்தகத்தில் குறை எழுத வேண்டிய கடைசிப் பக்கம் வெறுமையாக இருந்தது. வெற்றுப் பக்கம் என்றால் குறை இல்லாத விமானம். குறை இல்லாத விமானம் விழுந்தால், குறை அதை ஓட்டியவனிடம்தான். அவர்கள் கணக்கு அவ்வளவுதான்.

செம்பூரில் பாலு என்று ஒருவர். பாங்கு உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். அந்தப் போரில் போன ஒவ்வொரு விமானத்தையும் பற்றித் தகவல் சேகரிப்பது அவருக்குப் பொழுதுபோக்கு. எனக்கோ அதுதான் வாழ்க்கை. போன வருஷம் அவர் வீட்டுக்குப் போனேன். கம்ப்யூட்டரில் பட்டியலைக் காட்டினார். உன் பெயருக்கு நேரே அதே இரண்டு சொல்.

"மாமி, மேலே பறந்தவா எல்லாருக்கும் எழுதிட்டேள். கீழே நின்னவா யாரு?" என்றார்.

"மாமி இல்லை. எனக்குக் கல்யாணமே ஆகலை" என்றேன்.

"சரி, மேடம். கீழே நின்னவா யாரு? உங்க தம்பி வண்டிக்கு ஃபிட்டர் யாரு?"

 எனக்குத் தெரியும், சேது. நீயே எழுதியிருந்தாய். அந்தக் கடிதம் எனக்கு மனப்பாடம். "இங்கே எனக்கு ஒரு தமிழ்க்காரன் கிடைச்சிருக்கான். பேரு சுடலைமுத்து. என் வண்டியைப் பார்த்துக்கறவன். தாராவிக்காரன், நம்மாத்துலேர்ந்து கூப்பிடு தூரம். அடுத்த தடவை மிளகாய்ப்பொடி ரெண்டு டப்பாவா அனுப்பு." நானும் இரண்டு டப்பாவாக அனுப்பினேன். மூன்று தடவை அனுப்பினேன்.

டெல்லிக்கு எழுதினேன், கடல் தாண்டி எழுதினேன். ரயில்பாலத்தைத் தாண்டி இருபது நிமிஷம் நடந்தால் வருகிற இடத்துக்குப் போய்க் கேட்க வேண்டும் என்று ஐம்பது வருஷம் எனக்குத் தோன்றவே இல்லை. அதிகாரிகளுக்குத்தான் விஷயம் தெரியும் என்று நினைத்திருந்தேன். தாராவியிலிருந்து ஒருவர் வந்து எனக்கு என்ன சொல்லிவிட முடியும் என்று நினைத்திருந்தேன். மாட்டுங்காவில் வளர்ந்தவளின் புத்தி அது. இதில் குற்றவாளி நான். வேறு யாரும் இல்லை.

தொண்ணூறடிச் சாலையில் ஒரு டீக்கடையில் விசாரித்தேன். "எந்தச் சுடலைமுத்தும்மா? இங்க கல்ல விட்டா மூணு சுடலைமுத்து மேல விழும்" என்று கடைக்காரர் சிரித்தார். பட்டாளத்தில் இருந்தவர் என்றேன். "ஏரோப்ளேன் தாத்தாவா? அத மொதல்லயே சொல்லப்பிடாதா!" என்று ஒரு சந்துப் பக்கம் கையைக் காட்டினார்.

கதவில், இடித்துக் கட்டுவதற்காக அளந்துபோன சர்வேக்காரர்கள் சிவப்புப் பெயிண்டில் எண் போட்டிருந்த வீடு. கீழே மகளின் தையல் மெஷின்கள், மேலே இரும்பு ஏணி. ஏணி ஏறுவதற்குள் எனக்கு மூச்சு வாங்கியது. சுடலைமுத்து கட்டிலில் உட்கார்ந்திருந்தார். கண்ணில் புரை. நான் என் பெயரைச் சொல்லவில்லை, உன் பெயரை மட்டும் சொன்னேன்.

"உக்காருங்கம்மா" என்றார். "நீங்க வருவியன்னு தெரியும். இம்புட்டு லேட்டா வருவியன்னுதான் தெரியாது."

அவர் மகள் செல்வி டீ கொண்டுவந்து வைத்தாள். நான் குடித்துக்கொண்டிருந்தபோதே அவர் சொல்ல ஆரம்பித்தார். சொன்னதை நான் சுருக்கெழுத்தில் எடுத்தேன். அதனால் ஒரு வார்த்தைகூட என்னுடையது இல்லை.

"மொத நாள் சாயந்திரம் சார் எறங்கி வந்தாவ. பிளேன் ஏணியில பாதியில நின்னுக்கிட்டே எங்கிட்ட சொன்னாவ. 'டேய் சுடலை, முள்ளு கூடுதலா காட்டறதுடா. எண்ணெய் இருக்குங்கறது, உள்ளே அவ்வளவு இல்லே. ராத்திரிக்குள்ளே பார்த்துடு. புத்தகத்துல ஏத்த வேண்டாம். ஏத்தினா வண்டியை ரிப்பேர்க் கொட்டாய்ல போட்டுடுவா. நாளைக்கு எல்லாரும் போவா, நான் மட்டும் கீழே நிக்கணும்.' உங்க ஆளுக பாஷை, அப்படியே எங் காதுல இருக்கு. சரி சார், நான் பாத்துக்கிடுதேன்னேன்."

"பார்த்தீரா?"

"எங்க பாக்க? அன்னைக்கு இன்னொரு பிளேன் றெக்கையில ஓட்டையோட வந்துட்டு. எங்க எல்லாத்தையும் அதுல போட்டுட்டாவ. விடிஞ்சிட்டும்மா."

 கீழே தையல் மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"காலையில தொப்பியக் கையில வச்சிக்கிட்டு வந்தாவ. 'பார்த்துட்டியாடா?'ன்னாவ. இல்லன்னு சொன்னா அவுக எறங்கிடணும். அந்த மூஞ்சியப் பாத்தேன். பாத்தாச்சு சார்னுட்டேன். சின்ன ட்ரிப்புதான்னு பேசிக்கிட்டாவ. டாங்கி நெறயா இருக்கு, ஒண்ணும் ஆவாது, வந்ததும் பாத்துருவோம்னு நெனச்சேன். அங்கன எதிரி வெரட்டியிருக்கானுவ. சார் முள்ள நம்பிச் சுத்திக்கிட்டு வந்திருக்காவ. எஞ்சின் நின்னது எங் காதுக்கே கேட்டுது. மத்த பிளேன் சத்தம் எல்லாம் இருந்துது, அது மட்டும் இல்ல."

"விசாரணையில இதைச் சொன்னீரா?"

"'புக்குல கம்ப்ளெய்ண்ட் இருந்துச்சா'ன்னு இந்தியில கேட்டாவ. 'நஹீ சாப்'னேன். அது பொய்யில்லியேம்மா. அதுக்கு மேல கேக்கல. தமிழ்ல சொன்னாவளான்னு ஒருத்தரும் கேக்கல."

நான் எழுந்து ஏணி இறங்கி வந்துவிட்டேன். அவர் "அம்மா, அம்மா" என்று கூப்பிட்டது கேட்டது. திரும்பவில்லை. பாலத்தின் மேல் வந்து கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கீழே ரயில் போனது, இன்னொன்று போனது. கோபம் அவர் மேல் என்றுதான் நினைத்தேன். வீட்டுக்கு வந்து உன் போட்டோவைப் பார்த்தபோதுதான் தெரிந்தது, உன் மேலும் கோபம்.

ஏண்டா எழுதவில்லை? ஒரே ஒரு வரி. எனக்கு வாரத்துக்கு மூன்று பக்கம் எழுதுவாயே. மெஸ்ஸில் போட்ட சாம்பாரைத் திட்டி ஒரு பக்கம் எழுதத் தெரிந்தவனுக்கு, முள் பொய் சொல்கிறது என்று ஒரு வரி எழுதத் தெரியாதா?

யோசித்து யோசித்து எனக்குத் தோன்றியதைச் சொல்கிறேன். உன் ஃபிட்டர் பஞ்சாபிக்காரராக இருந்திருந்தால் நீ எழுதியிருப்பாய். இங்கிலீஷில் சொன்னால் காற்றோடு போய்விடும், புத்தகத்தில் ஏற்றினால்தான் நடக்கும் என்று உனக்குத் தெரியும். அந்த ஊரில் உன்னிடம் தமிழ் பேச ஒரே ஒருத்தன்தான் இருந்தான். அவனிடம் சொன்னால் வீட்டில் சொன்ன மாதிரி. சொன்னதுமே வேலை முடிந்த மாதிரி. அவரும் அப்படித்தான். வேறு எந்த ஆபீசர் கேட்டிருந்தாலும் "இன்னும் பாக்கல சார்" என்று விறைப்பாக நின்று சொல்லியிருப்பார். நீ கேட்டதால், உன் முகத்தைப் பார்த்துப் பொய் சொன்னார். ஒருவர் மேல் ஒருவர் வைத்த பிரியத்தில் இரண்டு பேருமாக அந்தப் பக்கத்தை வெறுமையாக விட்டுவிட்டீர்கள். அந்தப் பிரியத்துக்கு மிளகாய்ப்பொடி அனுப்பியவள் நான்.

பத்து நாள் கழித்து மறுபடி போனேன். செல்வி வாசலிலேயே நிறுத்தினாள்.

"என்ன ஆன்ட்டி, இத்தன வருஷம் கழிச்சு எங்கப்பாவக் கோர்ட்டுல ஏத்தப் போறீங்களா? எம் பிள்ளைங்க அவர ஹீரோங்குது. அரே, பஸ் கரோ, போதும் விடுங்க. நீங்க போனதுலேர்ந்து அவர் சரியாச் சாப்பிடல."

"நானும்தான் சாப்பிடலை" என்றேன்.

என்னை மேலும் கீழும் பார்த்தாள். "கொஞ்சம் தள்ளி நில்லுங்க, மெஷின்ல பொடவ மாட்டிக்கும்" என்று சொல்லி வழிவிட்டாள்.

அவர் சொன்னதை இங்கிலீஷில் இரண்டு பக்கமாக அடித்துக் கொண்டுபோயிருந்தேன். ஒவ்வொரு வரியையும் தமிழில் படித்துக் காட்டினேன். தான் சொன்ன பொய் வந்த இடத்தில் தலையாட்டினார். விசாரணையில் சொல்லாமல் விட்ட இடத்திலும் தலையாட்டினார். புத்தகத்தில் ஏற்ற வேண்டாம் என்று நீ சொன்ன வரி வந்ததும் கையை நீட்டித் தாளைப் பிடித்தார்.

"இது வேண்டாம்மா."

"ஏன்?"

"இத எடுத்துருங்க. சார் எழுதச் சொன்னாவ, நாந்தான் எழுதாம விட்டேன்னு போடுங்க. எல்லாம் எம் மேலயே இருக்கட்டும். எனக்கென்ன, நான் இன்னும் எத்தன நாளு. சார் பேரு கெடப்பிடாது."

செம்பூர் பாலுவும் போனில் அதையேதான் சொன்னார். "அந்த ஒரு வரியை எடுத்துட்டேள்னா கேஸ் பலமா நிக்கும், மேடம். இருந்தா, விதியை மீறினவன்னு புதுசா ஒண்ணு எழுதுவா."

சேது, ஐம்பது வருஷமாக நான் கேட்டது இதுதான். என் தம்பி மேல் தப்பில்லை என்று ஒருவர் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். அதற்காகத்தான் கண் கெட்டுப் போகும்வரை படித்தேன். இதோ ஒருவர், கண் தெரியாத ஒருவர், தானாகவே தருகிறேன் என்கிறார். ஒரு வரியை எடுத்துவிட்டால் போதும். உன் பெயர் சுவரில் ஏறிவிடும். அப்பா இல்லை, அம்மா இல்லை, உண்மை தெரிந்தவர்கள் நாங்கள் இரண்டு கிழங்களும் பாலுவும்தான். யார் கேட்கப் போகிறார்கள்?

வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். உன்னிடம் எதற்கு மறைக்க வேண்டும்? ஒரு நிமிஷம் நன்றாகவே நினைத்தேன்.

அந்தக் கட்டிலுக்கு மேலே பலகையில் ஒரு டப்பா இருந்தது. உள்ளே ஆணியும் திருகாணியும். மூடியில் காய்ந்துபோன ஒட்டுத்தாளில் என் கையெழுத்து பாதி தெரிந்தது. உன் டப்பா எங்கே போனதோ தெரியாது. உன் பெட்டியில் வரவில்லை. அவருடையது இருக்கிறது.

அவரிடம் சொன்னேன்: "எல்லாத்தையும் ஒருத்தன் தலையில கட்டிட்டாளேன்னுதான் நான் இத்தனை வருஷமா எழுதிண்டிருக்கேன். இப்போ அதையே உம்ம தலையில நான் கட்டணுமா? முடியாது. முப்பத்தெட்டு வருஷம் டைப் அடிச்சிருக்கேன். சொன்னவா சொன்னதை ஒரு வார்த்தை மாத்தி அடிச்சது கிடையாது. சாகற காலத்துல ஆரம்பிக்கமாட்டேன்."

"சார் கோவிச்சுக்கிடுவாவம்மா" என்றார்.

"கோவிச்சுக்கட்டும். நானும் அவன் மேல கோவமாத்தான் இருக்கேன்."

அவர் சிரித்தார். பிறகு அழுதார். செல்வி மேலே ஏறி வந்து, யாரிடம் சண்டை போடுவது என்று தெரியாமல், தண்ணீர் கொடுத்துவிட்டு இறங்கிப் போனாள்.

இனி நடக்க வேண்டியதைச் சொல்கிறேன். இதைப் படிக்கிறவர்களும் குறித்துக்கொள்ளட்டும்.

வருகிற வியாழக்கிழமை மாட்டுங்காவில் நோட்டரி வக்கீல் முன்னால் சுடலைமுத்து வந்து, அந்த வரியோடு சேர்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். செல்வி அவரைக் கைபிடித்துக் கூட்டிவர வேண்டும். வருகிறேன் என்று அவள் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. அவள் பிள்ளைகளிடமும் அவள்தான் சொல்ல வேண்டும், அவர்கள் தாத்தா ஐம்பது வருஷம் சுமந்தது என்னவென்று.

பாலு தன் பட்டியலில் உன் பெயருக்கு நேரே இருக்கும் இரண்டு சொல்லையும் எடுத்துவிட்டு, முள் பிழையாகக் காட்டியது என்று எழுத வேண்டும். விமானி சொன்னான், எழுதவில்லை, ஃபிட்டர் பார்க்கவில்லை, பார்த்ததாகச் சொன்னான் என்றும் எழுத வேண்டும். பத்தியில் இடம் போதாது என்கிறார். பத்தியை அகலமாக்கட்டும்.

டெல்லி ஆபீஸ் அந்தத் தீர்ப்பைத் திருத்த வேண்டும். தப்பே இல்லை என்று எழுதச் சொல்லவில்லை. நடந்தது அத்தனையையும் எழுதச் சொல்கிறேன். விடியவிடியத் தூங்காத ஃபிட்டர்களை, இன்னொரு விமானத்துக்கு இழுத்துப் போன உத்தரவையும் சேர்த்து எழுத வேண்டும். தமிழில் சொன்னது புத்தகத்தில் இல்லை, அதனால் நடக்கவில்லை என்று அவர்கள் பதில் போடலாம். அப்போது மறுபடி எழுதுவேன்.

படைத்தளத்தில் இருப்பவர்கள் உன் பெயரை அந்தச் சுவரில் செதுக்க வேண்டும். எதிரி துரத்தியதால் சுற்றி வந்தவன், எண்ணெய் தீர்ந்து விழுந்தால் அது போர்தான். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை, விட்டுக்கொடுக்கவும் மாட்டேன்.

நான் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. நீ அவசரக்காரன் என்று அப்பா சொன்னது முழுப் பொய் இல்லை என்று ஒத்துக்கொள்ள வேண்டும். இதோ ஒத்துக்கொண்டுவிட்டேன். இவ்வளவு கஷ்டமாக இருக்கும் என்று நினைக்கவில்லை.

நீ செய்ய வேண்டியது எதுவும் இல்லை. சுடலைமுத்து அங்கே வந்து சேரும்போது அவரைத் திட்டாமல் இரு. அது போதும். அவர் வருவதற்குள், அல்லது நான் வருவதற்குள், அந்த வெற்றுப் பக்கத்தில் நடந்தது ஒரு வரியாவது ஏறியிருக்கும். ஏற்றாமல் நான் புறப்படமாட்டேன்.

உன்னைவிட மூன்று வயது மூத்தவளாய்ப் பிறந்து,
இப்போது ஐம்பத்தேழு வயது மூத்தவளாகிவிட்ட
உன் ருக்கு அக்கா
மாட்டுங்கா